ஏழாம் அத்தியாயம்: ஆசை குறைந்தால் எங்கே தேடுவது?

சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை எழுதி வாங்க வந்தவர், சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். எழுந்து கதவு வரை போவார். அப்புறம்தான் திரும்பி, "சார், இன்னொரு விஷயம்..." என்று இழுப்பார். "கொஞ்ச நாளா அந்த விஷயத்துல இன்ட்ரஸ்ட்டே இல்ல சார். வயசாயிடுச்சோ?" வயதைக் கேட்டால் நாற்பத்திரண்டு என்பார். அதற்குள் வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருப்பார்கள். டாக்டர் அவசரமாக ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இந்த அத்தியாயம் அவருக்காக எழுதியது. ஆண்களுக்குக் காம ஆசை குறைவதற்கான காரணத்தைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அது ஒன்றே ஒன்றாக இருப்பது அபூர்வம். கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் தூக்கக் குறைவு, வருஷக்கணக்கில் சாப்பிடும் ஒரு மாத்திரை, வீட்டில் தீராத ஒரு மனஸ்தாபம் என்று நாலும் சேர்ந்து கைவரிசையைக் காட்டியிருக்கும். எடுத்த எடுப்பில் ஹார்மோன் ஊசிக்கு ஓடுவது தப்பு. "எல்லாம் மனசுதான்" என்று தட்டிக்கழிப்பதும் தப்பு. தேடுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. செலவில்லாததிலிருந்து ஆரம்பித்துச் செலவு பிடிப்பதில் முடிவது நல்லது.

எது குறைந்திருக்கிறது?

'வீக்னஸ்' என்ற ஒரே பெயரில் நம் ஊரில் மூன்று வேறு குறைகளைச் சொல்கிறோம். ஆசையே எழாதது ஒன்று. ஆசை இருந்தும் விறைப்பு வராதது, வந்தாலும் நிற்காதது இன்னொன்று. விந்து சீக்கிரம் வெளியேறிவிடுவது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வயாகரா, அதாவது சில்டெனாஃபில், இரண்டாவது குறைக்கான மருந்து. ஆசை எழுந்த பிறகு ஆணுறுப்புக்கு ரத்தம் பாய அது உதவும், ஆசையை உண்டாக்காது. ஆசையில்லாதவர் மெடிக்கலில் தானாகக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுவே வேலை செய்யல, நம்ம கதை அவ்வளவுதான்" என்று இடிந்துபோவது இந்தக் குழப்பத்தால்தான்.

ஒன்று இன்னொன்றை இழுத்து வருவதும் உண்டு. இரண்டு முறை விறைப்பு சரியாக வராமல் போனவர், மூன்றாம் முறையும் தலைகுனிய வேண்டாமென்று மனைவி பக்கம் போவதையே தவிர்ப்பார். சீக்கிரமே படுத்துவிடுவார், அல்லது மனைவி தூங்கும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் "ஆசையே இல்லை" என்பார். அவருக்கு முதலில் கவனிக்க வேண்டியது விறைப்பை.

எனவே டாக்டரிடம் போகும் முன் சில கேள்விகளுக்கு நீங்களே பதில் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கண் விழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா? தனிமையில் ஆசை எழுகிறதா? வேறு யாரையாவது பார்த்தால் சலனம் உண்டா? இவற்றுக்கு 'ஆமாம்' என்றால் உடம்பின் இயந்திரம் ஏறக்குறைய ஒழுங்காகத்தான் இருக்கிறது. சிக்கல் படுக்கையறையிலோ மனதிலோ இருக்கலாம். எங்கேயும், யாரிடமும், எப்போதும் ஒன்றுமே எழவில்லை, காலை விறைப்பும் நின்றுவிட்டது என்றால் உடம்பை முதலில் பார்க்க வேண்டும். இது ஒரு ஊகம்தான், தீர்ப்பு இல்லை. ஆனாலும் டாக்டருக்குப் பாதி வழியைக் காட்டிவிடும்.

எப்போதிலிருந்து என்பதும் முக்கியம். புது வேலை, புது மாத்திரை, ஒரு சாவு, ஒரு கடன் என்று அந்தத் தேதியை ஒட்டி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, ஏறத்தாழ 6 மாதமாவது தொடர்ந்து இருந்து, அந்த ஆணுக்கே அது வருத்தம் தந்தால்தான் குறைபாடு என்கிறது. பரீட்சைக் காலத்திலும் பத்துநாள் காய்ச்சலுக்குப் பிறகும் ஆசை மங்குவது நோயாகாது. வாரத்துக்கு இத்தனை முறை என்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் கணக்கு கிடையாது. கணவனுக்கு மாதம் இருமுறை போதும், மனைவிக்கு அது போதாது என்றால், அது இருவருக்கும் இடையிலுள்ள வித்தியாசம். அதைப் பேசித்தான் தீர்க்க முடியும், மருந்தால் முடியாது.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

செலவே இல்லாத சோதனை இது. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள்.

முதலில் 'கேஸ் மாத்திரை'. நம்மவர்களில் பலர் இதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. காலையில் காபிக்கு முன் ஒன்று போட்டுக்கொண்டு பல வருஷமாக ஓட்டுவார்கள். அதில் பேன்டோபிரசோல், ரபிபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்து மட்டும் இருந்தால் சரி. கூடவே டாம்பெரிடோன் அல்லது லெவோசல்பிரைட் சேர்ந்திருந்தால் கவனம் தேவை. இந்த இரண்டும் மூளையடிச் சுரப்பியில் புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும். தாய்க்குப் பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் அது. ஆணுக்கு அது கூடினால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறையும், ஆசை மங்கும், சிலருக்கு மார்பு வலித்து வீங்கும். சில நாளைக்கு எழுதித் தந்த மாத்திரையைப் பழைய சீட்டைக் காட்டியே வருஷக்கணக்கில் வாங்கித் தின்பதுதான் இங்கே கோளாறு.

அடுத்து மனச்சோர்வுக்கான மருந்துகள். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், பராக்ஸ்டின் வகை மருந்துகள் பலருக்கும் ஆசையைக் குறைக்கும், உச்சத்தைத் தள்ளிப்போடும். இதற்காகத் தானாக நிறுத்திவிடக் கூடாது. தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை வரும். பழைய சோர்வும் திரும்பும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது பாலுணர்வை அவ்வளவாகப் பாதிக்காத புப்ரோபியான், மிர்டாசபின் போன்றவற்றுக்கு மாற்றுவார். ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்துகளும் புரோலாக்டினைக் கூட்டுகின்றன.

பிரஷர் மாத்திரைகளில் அட்டெனலால் போன்ற பழைய பீட்டா பிளாக்கர்களையும், நீர் பிரியச் செய்யும் தயசைடு வகையையும் சந்தேகிக்கலாம். டெல்மிசார்ட்டன் வகை பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் இதைப் பேச வெட்கமாக இருக்கும், நியாயம்தான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போய் டாக்டரிடம் சொல்லுங்கள். மாற்றுவது அவருக்குச் சிரமமே இல்லாத காரியம். முடி உதிர்வதற்குச் சாப்பிடும் ஃபினாஸ்டரைடு, வலிக்குத் தொடர்ந்து எடுக்கும் டிரமடால், வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிடோயின் ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும்.

உடம்பு சொல்லும் சேதி

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டது. கட்டுப்படாத சர்க்கரை நரம்பையும் ரத்தக் குழாயையும் அரிக்கும். சர்க்கரையோடு தொப்பையும் உள்ளவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோனும் குறைந்திருப்பது சகஜம். வயிற்றுக் கொழுப்பு சும்மா தொங்கிக்கொண்டிருப்பதில்லை. அதிலுள்ள ஒரு நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக, அதாவது பெண் ஹார்மோனாக, மாற்றுகிறது. எடை குறைந்தால் டெஸ்டோஸ்டிரோன் தானாக ஏறும். ஊசியில்லாமல் ஏற்றும் வழிகளில் இதைப் போல நம்பகமானது வேறில்லை.

விறைப்பும் குறைந்திருந்தால் இதயத்தை மறக்காதீர்கள். ஆணுறுப்பின் ரத்தக் குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்தின் குழாய் 3 முதல் 4 மில்லிமீட்டர். கொழுப்பு படியும்போது சின்னக் குழாய் முதலில் அடைபடும். அதனால் நாற்பது, ஐம்பது வயதில் வரும் விறைப்புக் குறை, மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே வரும் அறிகுறியாக இருக்கலாம். இப்படி வருபவருக்கு ஈசிஜியும் கொழுப்புப் பரிசோதனையும் எழுதும் டாக்டரை "சம்பந்தமில்லாம டெஸ்ட் எழுதுறார்" என்று திட்ட வேண்டாம்.

தூக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டெஸ்டோஸ்டிரோன் பெரும்பகுதி தூக்கத்தில்தான் ஏறுகிறது. 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு சின்ன ஆய்வில், நல்ல ஆரோக்கியமான 10 இளைஞர்களை ஒரு வாரம் தினம் 5 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பகலில் அவர்களின் டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. வயது காரணமாக இவ்வளவு குறையப் பல வருஷம் ஆகும். பழைய மகாபலிபுரம் சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், நெடுஞ்சாலை லாரி ஓட்டுநர், இரட்டை ஷிப்ட் பார்க்கும் திருப்பூர்த் தொழிலாளி ஆகியோர் இதை யோசிக்க வேண்டும். பலமாகக் குறட்டை விட்டு, நடுநடுவே மூச்சு நின்று திணறி, பகலெல்லாம் தூங்கி வழிபவருக்கு தூக்க மூச்சடைப்பு இருக்கக்கூடும். குறட்டைக்குச் சாட்சி மனைவிதான்; அவரைக் கேளுங்கள்.

குடியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கூச்சம் போக ஒரு குவார்ட்டர் என்று தொடங்குவது, வருஷக்கணக்கில் விரைகளையும் கல்லீரலையும் கெடுத்து, ஆசையைத் தின்றுவிடும். புகையிலை ரத்தக் குழாயைச் சுருக்கும்.

இளைஞர்களிடம் இப்போது புதிதாக ஒரு சேதாரம். ஜிம்மில் 'கோர்ஸ்' என்ற பெயரில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திவிடும். ஊசி போடும் வரை ஆள் சிங்கமாக இருப்பார். நிறுத்தியதும் ஆசை, உற்சாகம், விந்தணு எல்லாம் ஒரேயடியாகச் சரியும். பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். 26 வயதுப் பையன் இந்தக் குறையோடு வந்தால் முதலில் கேட்க வேண்டியது ஜிம்மைப் பற்றித்தான்.

தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் நோய்கள், ரத்தசோகை இவையும் ஆசையைக் குறைக்கும். விடாத தலைவலி, பக்கவாட்டுப் பார்வை மங்குதல், மார்பில் பால் போன்ற கசிவு ஆகியவை ஆசைக் குறைவோடு சேர்ந்து வந்தால் நாள் கடத்தாதீர்கள். மூளையடிச் சுரப்பியில் கட்டி இருக்கலாம். புரோலாக்டின் சுரக்கும் கட்டியென்றால் பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கிவிடும், கத்தி வைக்க வேண்டியிருக்காது.

மனமும் வீடும்

மனச்சோர்வு ஆணிடம் அழுகையாக வர வேண்டியதில்லை. எரிச்சலாக வரும், குடியாக வரும், பேசாமையாக வரும். அதை அடையாளம் காண ஒரு வழி: படுக்கை விஷயத்தில் மட்டும் ஆர்வம் போயிற்றா, எல்லாவற்றிலுமா? கிரிக்கெட், பிள்ளைகளோடு விளையாட்டு, பிடித்த பிரியாணி என எதுவும் ருசிக்கவில்லை, விடியுமுன்னே விழிப்பு வந்துவிடுகிறது என்றால் தேட வேண்டியது காமக் குறையை அல்ல. சோர்வுக்கு வைத்தியம் பார்த்தால் ஆசை பின்னாலேயே வரும்.

குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் தம்பதிகளிடம் தனி வகைச் சிக்கல் ஒன்று உண்டு. ஸ்கேன் பார்த்து டாக்டர் தேதி குறித்துத் தருவார்: "நாளைக்கும் நாளன்னைக்கும் சேர்ந்திருங்க." ஊரில் போனில் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று விசாரிப்பு. கணவன் ஓவர்டைம் முடித்து இரவு பதினொன்றுக்கு வருவார். அன்றைக்கு ஆசை வந்தாக வேண்டும். இப்படி நாலைந்து மாதம் போனால் அந்தத் தேதி நெருங்கும்போதே வயிற்றைக் கலக்கும். இதைச் சிகிச்சை தரும் டாக்டரிடமே சொல்லலாம். ஓரிரு மாதம் இடைவெளி விடச் சொல்வது அவருக்குப் புதிதல்ல.

விந்து விரயமானால் உடம்பு உருக்குலைந்துவிடும் என்ற பயம் இன்னும் ஒழியவில்லை. இந்தப் பயத்தால் இளைஞர்களுக்கு வரும் களைப்பு, பதற்றம், ஆசைக் குறைவு எல்லாவற்றையும் சேர்த்து 1960இல் இந்திய மனநல மருத்துவர் என்.என். விக் 'தாது நோய்க்குறி' என்று பெயரிட்டார். ஒரு முறை வெளியேறும் விந்து சில மில்லிலிட்டர்தான்; அதில் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட்டும் சுரக்கும் திரவம். ரத்தத்தைக் கடைந்து எடுத்ததல்ல. சுய இன்பத்தால் நரம்பு தளராது. மனநல மருத்துவர் மாத்ருபூதம் தொலைக்காட்சியில் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் இதையெல்லாம் தமிழில் பொறுமையாகச் சொன்னார். அதற்குப் பிறகும் ஒரு தலைமுறை இதே பயத்தோடு வளர்ந்திருப்பது நம் பள்ளிக்கூடங்களின் தோல்வி என்றே நினைக்கிறேன். ஆபாசப் படத்தில் மட்டுமே ஆசை எழுகிறது, மனைவியிடம் எழவில்லை என்றால் அது வேறு விஷயம். சில வாரம் அதை முற்றாக நிறுத்திப் பார்ப்பது பயன் தரும்.

வீட்டு நிலவரத்தையும் பாருங்கள். ஒரே அறையில் அப்பா அம்மா, நடுவில் ஏழு வயதுக் குழந்தை, தாழ்ப்பாள் விழாத கதவு என்றிருந்தால் எந்த ஹார்மோனும் உதவாது. வளைகுடாவிலிருந்து இரண்டு வருஷம் கழித்து வந்தவருக்கு மனைவியோடு பழகவே சில வாரம் பிடிக்கும். மாமனார் வீட்டுச் சண்டை, நகைக் கடன், மனைவி சொன்ன ஒரு குத்தல் வார்த்தை, தான் சொன்ன ஒரு குத்தல் வார்த்தை ஆகியவை விளக்கை அணைத்ததும் மறைந்துவிடுவதில்லை.

இன்னொன்றையும் ஒளிவில்லாமல் சொல்லிவிட வேண்டும். பெண்கள் மேல் ஒருபோதும் ஆசை வந்ததில்லை, வீட்டார் கட்டாயத்தில் திருமணம் நடந்தது என்றால், அது நோயில்லை. மாற்றுவதற்கு மருந்தும் இல்லை. பாலியல் நாட்டத்தை 'மாற்றும்' சிகிச்சைகளுக்கு 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மாற்றித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். இருவரின் வாழ்க்கையையும் நினைத்து நல்ல மனநல ஆலோசகரிடம் பேசுங்கள்.

ரத்தப் பரிசோதனை

மேலே சொன்னதையெல்லாம் பார்த்த பிறகுதான் இது. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலையில் இறங்கும். எனவே காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்து லேபுக்குப் போய்க் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டில் குறைவு என்று பார்த்துப் பயந்தவர்கள் ஏராளம். காய்ச்சல் சமயத்திலும் எடுக்கக் கூடாது. ஒரு முறை குறைந்திருந்தால் போதாது. வேறொரு நாள் காலையில் மறுபடி எடுக்க வேண்டும். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இரண்டு முறையும் இருந்து, அறிகுறியும் இருந்தால்தான் குறைபாடு என்கிறது. கூடவே சர்க்கரை, அதன் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, தைராய்டு, புரோலாக்டின் பார்ப்பார்கள்.

உண்மையிலேயே குறைவென்று உறுதியானால் டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை பலன் தரும். ஆனால் குழந்தை வேண்டும் என்று இருப்பவர் இதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. அது விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும். ஆண்மைக்கு ஊசி போட்டால் குழந்தையும் கிடைக்கும் என்று நம்பிப் போனவர்களின் அணு எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்குவது உண்டு. அவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. நாளமில்லாச் சுரப்பி நிபுணரோ ஆண்மையியல் நிபுணரோதான் அதைத் தீர்மானிக்க வேண்டும்.

லாட்ஜ் வைத்தியம்

ஆண்மைக் குறைவுக்கு வைத்தியம், மாதத்தில் இத்தனாம் தேதி இந்த ஊர் லாட்ஜில் இத்தனாம் நம்பர் அறை என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும். பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. சுவரொட்டியே சட்ட மீறல் என்றால் உள்ளே கிடைப்பது எப்படியிருக்கும்? 'மூலிகை' என்று விற்கும் பொடிகளில் ரகசியமாகச் சில்டெனாஃபில் கலந்திருப்பதைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கின்றன. நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் நைட்ரேட் மாத்திரை வைப்பவர் அதைத் தெரியாமல் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். பதிவு பெற்ற சித்த மருத்துவரையும் அரசு சித்த மருத்துவமனையையும் இந்த லாட்ஜ்காரர்களோடு சேர்த்துச் சொல்லவில்லை. 1983இல் 'முந்தானை முடிச்சு' படம் வந்த பிறகு முருங்கைக்காயைப் பற்றி ஊரே கண்ணடிக்கிறது. நல்ல காய்தான், சாம்பாருக்கு.

வீட்டில் என்ன செய்யலாம்

முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் தானே ஒரு காரணம் கண்டுபிடிப்பார்: "என்னைப் பிடிக்கல", "வேற யாரோ இருக்காங்க". நீண்ட விளக்கம் வேண்டாம். "உன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. எனக்கே உடம்பு ஒரு மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட போலாம்னு இருக்கேன், நீயும் வர்றியா?" இவ்வளவு போதும். படுக்கையில் சொல்லாதீர்கள், மாலை நடை போகும்போது சொல்லுங்கள்.

பயத்தால் விலகி நிற்பவர்களுக்கு அமெரிக்க ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970இல் எழுதிய புத்தகத்தில் சொன்ன பயிற்சி இன்றும் பயன்படுகிறது. சில வாரங்களுக்கு உடலுறவு கிடையாது என்று இருவரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். தொடுவது, தலை கோதுவது, முதுகு பிடித்துவிடுவது மட்டும். முதலில் அந்தரங்க உறுப்புகளை விட்டுவிட்டு, பிறகு மெல்ல மெல்ல. 'முடியுமா முடியாதா' என்று தன்னையே வேவு பார்க்கும் கண் மூடிக்கொள்ளும்; தேர்வு இல்லையென்றால் தோல்வியும் இல்லை. இடையில் விதியை மீறிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் கதவு உங்கள் குடும்ப டாக்டர் அல்லது அரசு மருத்துவமனைப் பொது மருத்துவப் பிரிவு. போகும்போது மாத்திரை அட்டைகளையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னால் பைத்தியம் என்று அர்த்தமில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்த வெளிநோயாளிப் பிரிவு இருக்கிறது. நேரில் பேசக் கூச்சமென்றால் மத்திய அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வந்துபோகிறது என்றால் இந்த அத்தியாயத்தை மூடிவைத்துவிட்டு இப்போதே அந்த எண்ணுக்கு அழையுங்கள்.